காயம் பட்ட பிறகு வரும் பணம்



எங்கள் காலனியில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்கு ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி இடுப்பில் தம்பியோடுதான் வருவாள். தம்பிக்கு ஒன்றரை வயது. அப்பா இறந்துவிட்டார். அம்மா விடியும் முன் செங்கல் சூளைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். இரண்டு வயது நிறையாத பிள்ளையை அங்கன்வாடியில் விட முடியாது. அதனால் அக்காதான் அவனுக்கு அம்மா. அவள் பள்ளிக்கூடம் போகும் நாட்கள் குறைந்துகொண்டே வந்தன.

ஒரு நாள் இருவரும் வரவில்லை. தம்பி பசியில் அழுகிறான் என்று கஞ்சி காய்ச்சியிருக்கிறாள். கொதிக்கும் கஞ்சி அவன் காலில் கொட்டிவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி: "பெத்தவளுக்குக் கொஞ்சமாவது அக்கறை வேணாமா?" அவர் தலைகுனிந்து நின்றார். நாங்களும் வாய் திறக்கவில்லை. எங்கள் மனதிலும் அதே கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. இதைச் சொல்ல இன்றும் வெட்கமாக இருக்கிறது.

பிறகுதான் விதிமுறைகளை எடுத்துப் படித்தோம். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் நிதி ஆதரவு என்றொரு பிரிவு உண்டு. கணவரை இழந்த தாயின் குடும்ப வருமானம் கிராமப்புறத்தில் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள் இருந்தால், அவர் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் கேட்டு விண்ணப்பிக்கலாம். பிள்ளை வீட்டிலேயே பத்திரமாக வளர வேண்டும் என்பதற்கான பணம் அது. அந்த அம்மாவிடம் இதை யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழு எங்கள் ஊரில் பதிவேட்டில் மட்டுமே இருந்தது. அப்படியானால் அக்கறை இல்லாதவர் யார்?

கணக்கையும் பாருங்கள். 2025-26 ஒன்றிய பட்ஜெட்டில் இத்திட்டத்துக்கு 1,500 கோடி ரூபாய். 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் 18 வயதுக்குட்பட்டோர் 44 கோடிக்கு மேல். ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 35 ரூபாய்கூட வராது. மாநிலங்களின் 40 விழுக்காட்டுப் பங்கைச் சேர்த்தாலும் 60 ரூபாயைத் தாண்டாது. இல்லங்கள், 1098 உதவி எண், நிதி ஆதரவு எல்லாம் இதற்குள்தான்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் நிவாரணம் உண்டு. போக்சோ வழக்கில் இடைக்கால இழப்பீடு உண்டு. இவற்றில் ஒரு ரூபாயையும் நாம் விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் இவை காயம் பட்ட பிறகு வரும் பணம். காயம் படாமல் காக்கும் பணத்தையும் அதே வேகத்தோடு நாம் கேட்டிருக்கிறோமா? இல்லை என்பதுதான் உண்மை.

2024 அக்டோபர் 2 கிராம சபையில் கேட்டோம். கைக்குழந்தைகளுக்கு, சூளை நேரம் முழுக்கத் திறந்திருக்கும் ஒரு காப்பகம் காலனிக்குள் வேண்டும். அதை நம் பெண்களே முறையான சம்பளத்தோடு நடத்த வேண்டும். "நிதி இல்லை" என்றார்கள். ஊராட்சியின் நிபந்தனையற்ற நிதியில் 5 விழுக்காட்டைக் குழந்தைகள் நலனுக்கு ஒதுக்கலாம் என்ற விதியைப் படித்துக் காட்டினோம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மேம்பாட்டு நிதிக்கென 2024-இல் தமிழ்நாடு தனிச் சட்டமே இயற்றியதை நினைவூட்டினோம். அந்த நிதி நம் குழந்தைகளின் முதல் ஆறு ஆண்டுகளுக்கும் செலவாக வேண்டும் என்றோம். தீர்மானம் எழுதினார்கள். பணம் இன்னும் வரவில்லை.

மாணவத் தோழர்கள் அடுத்த கிராம சபைக்குப் போங்கள். மூன்று கேள்விகள் போதும்: பாதுகாப்புக் குழு கடைசியாக எப்போது கூடியது? நிதி ஆதரவுக்கு நம் தெருவிலிருந்து எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள்? குழந்தைகளுக்கென ஊராட்சி இந்த ஆண்டு எவ்வளவு செலவழித்தது? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள்.

தம்பியின் கால் ஆறிவிட்டது. நிதி ஆதரவு விண்ணப்பம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் காத்திருக்கிறது. அக்கா இன்றும் அவனை இடுப்பில் சுமந்துதான் வகுப்புக்கு வந்தாள்.

ஜெய்பீம்.