இருபத்துநாலில் இரண்டு



தளி ரோட்டுப் பக்கம் இருந்த நம் வீட்டை விற்றுவிட்டேன். செய்தி கேட்டு நிறையப் பேர் போன் செய்தீர்கள். "டீச்சர், எதுக்குங்க வித்தீங்க?" என்றவர்கள் பாதி. "நல்ல விலை போச்சுங்களா?" என்றவர்கள் மீதி. தனித்தனியாகப் பதில் சொல்லித் தீரவில்லை, அதனால் இங்கேயே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். பொறுமையாகப் படியுங்கள்.

ஏன் விற்றேன் என்பது சின்ன விஷயம். முழங்கால் இரண்டும் ஒத்துழைக்கவில்லை. மகன் பெங்களூரில், மகள் ஈரோட்டில். ஆனி ஆடிக் காற்றில் ஒரு ஜன்னல் கொக்கி கழன்றால்கூடப் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட வேண்டியிருந்தது. மகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன வாடகை வீட்டுக்குப் போவது என்று முடிவு செய்தோம். எப்படி விற்றேன் என்பதுதான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது.

தரகர் வேண்டாம் என்றுதான் சொந்தத்தில் பலரும் சொன்னார்கள். "நாலு பேர்கிட்டச் சொன்னா வித்துப் போகுது, கமிஷன் எதுக்கு?" என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவர் இங்கே பத்து, பதினைந்து வருடமாக நிலம், வீடு தரகு செய்கிறார். அவரை வரச் சொன்னேன். (பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். உங்களில் பலருக்கு அவரைத் தெரியும்.)

முதல் நாளே கமிஷனைப் பேசினோம். "டீச்சர்கிட்ட என்னங்க கேக்கறது" என்று தலையைச் சொறிந்தார். "பழக்கம் வேற, கூலி வேற தம்பி" என்றேன். விற்கும் விலையில் நூற்றுக்கு ஒன்று என்று பேசி, ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். 2016-ஆம் வருட ரியல் எஸ்டேட் சட்டத்தில் ஏஜென்டுகள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் அது அந்தச் சட்டத்தின் கீழ் பதிவான மனைப்பிரிவு, அடுக்குமாடித் திட்டங்களில் விற்றுக் கொடுப்பவர்களுக்கு. நம்முடையதைப் போன்ற ஒற்றைப் பழைய வீட்டுக்குப் பேச்சும் தாளும்தான் பாதுகாப்பு. எனவே எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து விலை. பக்கத்துத் தெருவில் சென்ட் இத்தனை லட்சம், அத்தனை லட்சம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அவர் சிரித்தார். "அதெல்லாம் கேக்கற விலைங்க டீச்சர். பத்திரம் ஆன விலை வேற" என்று கிட்டத்தில் கைமாறிய மூன்று வீடுகளைச் சொன்னார். முப்பது வருடம் தாண்டிய கட்டடத்துக்கு மதிப்புக் குறைவு, மண்ணுக்குத்தான் விலை என்றும் சொன்னார். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் அவர் சொன்ன தொகைக்குக் கிட்டத்தட்ட சமமாகத்தான் கடைசியில் முடிந்தது.

பிறகு காகிதங்களைக் கேட்டார். கிரயப் பத்திரம் 1988-இல் எழுதியது. அதில் கோயமுத்தூர் மாவட்டம் என்று இருக்கும். 2009-இல்தான் நாம் திருப்பூர் மாவட்டத்துக்குப் போனோம். அதற்கு முந்தைய தாய்ப் பத்திரமும் இருந்தது. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்ததில், வீடு கட்டக் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய கடனுக்கான அடமானம் வந்தது. கூடவே கடன் தீர்ந்ததற்கான ரசீதுப் பத்திரமும் பதிவாகி வந்தது. உங்கள் சார் 2006-இலேயே அதை முடித்து, பத்திரத்தோடு நூல் போட்டுக் கட்டி வைத்திருந்தார். கடன் கட்டி முடித்தவர்கள் அந்த ரசீதைப் பதிவு செய்ய மறந்தால், விற்கும் நேரத்தில் அலைய வேண்டியிருக்கும்.

இதுவரை எல்லாம் சரி. அப்புறம் அவர் வாரிசுச் சான்றிதழைக் கேட்டார்.

பத்திரம் உங்கள் சார் பேரில் இருந்தது. கட்டியது இரண்டு பேர் சம்பளத்தில். அவர் 2014-இல் உயில் எழுதாமல் காலமானார். அதன்பின் வீட்டு வரியும் கரண்டுக் கார்டும் என் பேருக்கு மாறிவிட்டன. நானும் பிள்ளைகள் இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும் என்றுதான் ஊரில் எல்லோரும் சொன்னார்கள். தாசில்தார் கொடுத்த அந்தச் சான்றிதழில் நாலு பெயர்கள் இருந்தன. நான், மகன், மகள், நாலாவதாக என் மாமியார்.

"அம்மா இப்ப இருக்காங்களா டீச்சர்?" என்று கேட்டார்.

"2019-லயே போயிட்டாங்க தம்பி."

"அவங்களுக்கு வேற பிள்ளைங்க?"

"ஒரு கொழுந்தனார், ஒரு நாத்தனார்."

பேனாவை எடுத்து, ஜெராக்ஸ் தாளின் பின்பக்கம் கணக்குப் போட ஆரம்பித்தார். 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால் அவருடைய சொந்தச் சம்பாத்தியத்தில் மனைவி, மகன், மகளோடு அவரைப் பெற்ற தாய்க்கும் சம பங்கு உண்டு. ஆக ஆளுக்குக் கால் பங்கு. அந்தத் தாயும் உயில் எழுதாமல் போய்விட்டதால், அவருடைய கால் பங்கு மூன்று பிள்ளைகள் வழிக்கும் மூன்றாகப் பிரியும். கொழுந்தனாருக்குப் பன்னிரண்டில் ஒன்று, நாத்தனாருக்குப் பன்னிரண்டில் ஒன்று. இறந்த மூத்த மகனின் பன்னிரண்டில் ஒன்றை என் பிள்ளைகள் இருவரும் பாதி பாதியாகப் பிரித்துக்கொள்வார்கள்.

பகுதியைப் பொதுவாக்கு என்று நான் சொல்லவில்லை. அவரே 24 ஆக்கினார். எனக்கு 6, மகனுக்கு 7, மகளுக்கு 7, கொழுந்தனாருக்கு 2, நாத்தனாருக்கு 2. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். முப்பது வருடம் முன்னால் நான் கரும்பலகையில் எழுதிய பின்னம் என் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கே வந்துவிட்டது.

விஷயம் வெளியே தெரிந்ததும் ஆளுக்கொரு யோசனை. "கையெழுத்து மட்டும் வாங்கு, பங்குன்னு சொல்லாதே." "விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிட்டு ஒரு பட்டுச்சேலை எடுத்துக் குடு." "அவங்களுக்கே தெரியாது, விட்டுடு." சொன்னவர்கள் இதையும் படிப்பீர்கள். நல்ல மனசோடுதான் சொன்னீர்கள், கோபம் இல்லை. ஆனால் தரகுத் தம்பி சொன்னதை நீங்களும் கேளுங்கள். "டீச்சர், அவங்க விட்டுக் குடுக்கறதுன்னா தாராளமாக் குடுக்கட்டும். ஆனா என்னத்தை விட்டுக் குடுக்கறோம்னு தெரிஞ்சு குடுக்கணுங்க. இல்லைன்னா வாங்கறவரை நாளைக்குக் கோர்ட்டுக்கு இழுத்த மாதிரி ஆயிரும்."

அடுத்த ஞாயிறு மடத்துக்குளம் பக்கம் நாத்தனார் வீட்டுக்குப் போனேன். காபி குடித்துவிட்டுச் சொன்னேன். அவள் கையை ஆட்டினாள்.

"அண்ணன் வீட்ல எனக்கென்ன பங்கு நங்கை? கையெழுத்துத்தானே, எங்க வேணும்னாலும் போடறேன்."

"இது உங்க அண்ணன் பங்கு இல்லை அம்மிணி. உங்கம்மா பங்கு" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெல்லக் கேட்டாள். "எங்கம்மாளுக்கு அந்த வீட்ல பங்கு இருந்துச்சா?"

அத்தை கடைசி ஐந்து வருடம் அந்த வீட்டில்தான் இருந்தார். குறை இல்லாமல்தான் பார்த்துக்கொண்டேன் என்று ஊரே சொல்லும். ஆனாலும் தயிர் வேண்டுமென்றால் "எடுத்துக்கட்டுமா டீச்சரு?" என்று கேட்டுவிட்டுத்தான் எடுப்பார். ஊரிலிருந்து யாராவது பார்க்க வந்தால் "மருமக ஊட்ல இருக்கறேன்" என்பார். கால் வீடு அவருடையது. அது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, பேர் எழுதியிருந்த காகிதம் மட்டும் பீரோவில் இருந்தது.

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பக் குடுங்க நங்கை, வாங்கிக்கறேன்" என்றாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. வேண்டாம் என்று சொல்லியிருந்தால்தான் கஷ்டப்பட்டிருப்பேன். திருப்பூரில் இருக்கும் கொழுந்தனாருக்கும் அதே அளவு. அந்தப் பணத்தை என்ன செய்தார்கள் என்று சிலர் என்னிடம் விசாரிக்கிறீர்கள். அது அவர்கள் பணம், நான் கேட்கவில்லை.

வாங்க வந்தவர்கள் ஒரு விவசாயக் குடும்பம், பிள்ளைகள் படிப்புக்காக டவுனுக்கு வருகிறார்கள். ஐப்பசி மழையில் பின்னறைச் சுவர் ஓதம் காக்கும் என்பதைத் தம்பியே முதலில் அவர்களிடம் சொல்லிவிட்டார். அதற்குக் கொஞ்சம் விலை குறைத்தோம். பாதி ரொக்கமாகத் தரட்டுமா என்று கேட்டார்கள். வீடு, நிலம் விற்பதில் இருபதாயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். 2015-இலிருந்து சட்டம் அப்படி. முன்பணம் முதல் கடைசி ரூபாய் வரை வங்கி வழியாகவே வந்தது. ஐந்து பேருக்கும் அவரவர் பங்குக்குத் தனித்தனி டிடி. வருமான வரிக் கணக்கும் அவரவருக்குத் தனி. இதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஐம்பது லட்சமோ அதற்கு மேலோ போனால் வாங்குபவர் நூற்றுக்கு ஒன்று பிடித்து வரியாகக் கட்ட வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பத்திரப் பதிவு அன்று ஐந்து பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். காட்டு வேலை செய்து தேய்ந்த நாத்தனார் விரலில் ரேகை எந்திரத்தில் விழவே இல்லை. முந்தானையில் துடைத்துத் துடைத்து, ஐந்தாவது முறை விழுந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

கமிஷனைப் பேசியபடி முழுசாக வங்கியில் போட்டேன். கொஞ்சம் திருப்பித் தருகிறேன் என்று வந்தார். வாங்கவில்லை. ஆள் பிடித்துக் கொடுத்ததற்கு மட்டும் என்றால் அந்தத் தொகை அதிகமாக இருக்கலாம். அந்த நாலாவது பெயரைப் பார்த்துக் கேட்டாரே, அதற்குக் குறைவுதான்.

கண்ணுகளா, உங்களுக்கு ஒரே ஒரு வீட்டுப்பாடம். வீட்டை விற்கிறீர்களோ இல்லையோ, பீரோவைத் திறந்து வாரிசுச் சான்றிதழை எடுத்து எல்லாப் பெயரையும் படியுங்கள். கிறிஸ்தவ, இஸ்லாமியப் பிள்ளைகளுக்குப் பங்குக் கணக்கு வேறு, ஆனால் படிக்க வேண்டியது எல்லோருக்கும் ஒன்றுதான். அதில் உங்கள் அம்மா பெயரோ பாட்டி பெயரோ இருந்து, அவர்கள் இன்றைக்கும் உங்களோடு இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். இந்த வீட்டில் உனக்கு இத்தனை பங்கு இருக்கிறது என்று சொல்லுங்கள். அவர்கள் அதைத் தெரிந்துகொண்டு நம் வீட்டில் இருக்கட்டும்.

ஈரோடு பக்கம் வந்தால் ஒரு போன் போட்டுவிட்டு வாருங்கள். புது வீட்டில் திண்ணை இல்லை, ஆனால் நாற்காலி நிறைய இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்