புயற்காலத்தில் ஒரு கேளிக்கை நகரம்

மகிழ்ச்சிக்கென்று மனிதன் இடம் குறிக்கலாம், நாள் குறிக்கலாம். அந்த நாளின் வானத்தைக் குறிக்க அவனால் இயலாது. ஆண்டுதோறும் ஜூன் 1ஆம் நாள் முதல் நவம்பர் 30ஆம் நாள் வரை அட்லாண்டிக் பெருங்கடலில் புயற்காலம். ஆகஸ்டு நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை அதன் சீற்றம் மிகுதி. செப்டம்பர் 10ஆம் நாளையொட்டி அது உச்சத்தை எட்டும். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், ஒர்லாண்டோ நகருக்கு அருகிலுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டு என்னும் மாபெரும் கேளிக்கை நகரத்தில், குறிப்பாகச் செப்டம்பர்த் திங்களில், கூட்டம் குறைகிறது. தங்கும் கட்டணமும் தணிகிறது. பள்ளிகள் திறந்துவிடுவது ஒரு காரணம், புயலச்சம் மற்றொன்று.

சிக்கனமான குடும்பங்கள் இலாபத்தையும் ஆபத்தையும் எடைபோட்டுப் பார்த்து, "வந்தால் பார்த்துக்கொள்வோம்" என்று துணிந்து புறப்படுகின்றன. அட்லாண்டா நகரில் வாழும் என் தங்கையின் குடும்பம் அத்தகையது. 2024ஆம் ஆண்டு அக்டோபரில் நான் அவர்களைக் காணச் சென்றிருந்தபோது, பிள்ளைகளுக்குக் கிடைத்த இலையுதிர்கால விடுமுறையில் என்னையும் உடன் அழைத்துச் சென்றனர். தங்கை, அவள் கணவர், பிள்ளைகள் இருவர், நாகப்பட்டினத்துப் பக்கமிருந்து வந்திருந்த எழுபது கடந்த அவள் மாமியார், நான் என அறுவர் ஒரே காரில் புறப்பட்டோம்.

விளையாட்டுக்கென்று ஓர் ஊர்

1971ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் திறக்கப்பட்ட இவ்விடத்தைப் பூங்கா என்று சொல்வது போதாது. தனித்தனியே நான்கு பெரும் பூங்காக்கள், பல விடுதிகள், ஏரிகள், சாலைகள் அனைத்தும் அடங்கிய ஓர் ஊர் அது. நடுநாயகமாக 57 மீட்டர் உயரத்தில் சின்ட்ரெல்லாவின் கோட்டை நிற்கிறது. பிள்ளைகளுக்கு அதைக் கண்ட மாத்திரத்தில் கால் தரையில் பாவவில்லை. பாட்டியைச் சக்கர நாற்காலியில் அமர்த்தி முறைவைத்துத் தள்ளினோம். "சாமி, இவ்வளவு சனம் நடமாடுது, ஒரு காகிதத் துண்டைக் காணோமே!" என்று அந்த அம்மையார் வியந்தது கோட்டையைப் பார்த்தன்று, கூட்டிச் சுத்தம் செய்துகொண்டே இருந்த பணியாளர்களைப் பார்த்து.

கோடையில் அங்கே பிற்பகல்தோறும் இடியும் மழையும் இயல்பு. மின்னல் நெருங்கினால் திறந்தவெளி ஊர்திகளை நிறுத்திவிடுகின்றனர். ஆனால் புயலுக்காக ஊரையே மூடுவது அரிது. கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர் உள்ளே இருப்பதால் வரும் புயல் வலுவிழந்தே வந்து சேர்கிறது. புயலுக்காக முதன்முறை மூடியது 1999இல், ஃபுளாய்டு வந்தபோது. 2004இல் ஒரே பருவத்தில் சார்லி, ஃபிரான்சிஸ், ஜீன் என மூன்று புயல்கள் மூடவைத்தன. அவற்றுள் சார்லி, டாம்பா நகரைத் தாக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டு, கடைசி நேரத்தில் திசை திரும்பிக் கரையேறி, ஒர்லாண்டோவின் மேலேயே மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வீசிச் சென்றது. அதன்பின் 2016, 2017, 2022 ஆகிய ஆண்டுகளிலும் கதவுகள் மூடின. அடுத்த முறை மூடியபோது நாங்கள் அங்கே இருந்தோம்.

நான்கு நாள்களில் வளர்ந்த அரக்கன்

நாங்கள் சென்று சேர்ந்தது அக்டோபர் 5, சனிக்கிழமை. அன்றுதான் மெக்சிகோ வளைகுடாவின் மேற்கே ஒரு புயல் உருவாகி, மில்ட்டன் என்று பெயர் பெற்றது. மறுநாள் ஞாயிறு, சுற்றுலா வருவோர்க்கென்றே அந்நகரில் எழுந்து, 2009இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்ட அகிலத்தின் அரசி மரியன்னை ஆலயத்தில் திருப்பலி கண்டோம். திங்களன்று பிள்ளைகள் கோட்டைக்கு எதிரே பனிக்கூழ் உண்டுகொண்டிருக்கையில், மில்ட்டன் ஐந்தாம் படிநிலையை எட்டிவிட்டது என்ற செய்தி வந்தது. மணிக்கு 119 கிலோமீட்டர் வேகத்தில் முதற்படி தொடங்குகிறது. 252ஐத் தொட்டால் ஐந்தாம் படி. மில்ட்டன் 285ஐ எட்டியிருந்தது.

"மாமா, ஹரிக்கேன் என்றால் நம்ம ஊர்ப் புயலா?" என்று மருமகன் கேட்டான். ஆம், ஒன்றேதான். ஏறத்தாழ 27 பாகை வெப்பமுள்ள கடல்நீர் அதற்கு உணவு. நம் வங்கக் கடலில் சுழல்வதுபோலவே அங்கும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. பெயர்தான் வேறு, அதுவும் கரிபியத் தீவுகளின் தாயினோ மக்கள் வழங்கிய சொல்லிலிருந்து வந்தது. பாட்டிக்கு இந்த விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் இலட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்த இரவை அவர் நேரில் கண்டவர். "தென்னை முறியிற சத்தம் இன்னும் காதுல இருக்கு, சாமி" என்றார், அதற்குமேல் பேசவில்லை.

போவதா, இருப்பதா?

செவ்வாயன்று எங்கள் அறையில் ஒரு சிறு ஆலோசனைச் சபை கூடிற்று. தங்கையின் கணவர் உடனே வடக்கே புறப்படவேண்டும் என்றார். ஆனால் டாம்பா கடற்கரையிலிருந்து வெளியேறிய மக்களால் நெடுஞ்சாலைகள் நிரம்பியிருந்தன. பல நிலையங்களில் பெட்ரோல் தீர்ந்திருந்தது. பாட்டி நாள்தோறும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர். வழியில் பல மணி நேரம் சிக்கிக்கொண்டால் என் செய்வது?

புளோரிடா மக்களிடையே ஒரு பாடம் உண்டு: தண்ணீருக்கு ஓடு, காற்றுக்கு ஒளிந்துகொள். கடல் பொங்கி உள்ளே வரும் இடத்தில் இருப்பவன் வெளியேறித்தான் ஆகவேண்டும். உறுதியான கட்டடத்தில், வெள்ளம் எட்டாத இடத்தில் இருப்பவன், அதிகாரிகள் வெளியேறச் சொல்லாதவரை, உள்ளே இருப்பதே நலம்; அவன் சாலையில் இறங்கினால் உயிருக்கு ஓடுகிறவனின் வழியையும் அடைக்கிறான். நாங்கள் இருந்தது கான்கிரீட் கட்டடம். எங்கள் பகுதிக்கு வெளியேற்ற ஆணையும் இல்லை. ஆகவே தங்குவதென்று முடிவாயிற்று. தண்ணீர்ப் புட்டிகள், ரொட்டி, கைவிளக்கு, பனிக்கட்டிப் பெட்டி ஆகியவற்றைச் சேர்த்தோம். பிரித்துப் பயன்படுத்தத் தொடங்கிய இன்சுலின் பெரும்பாலும் அறை வெப்பத்திலேயே நான்கு வாரம்வரை கெடாது என்று மருந்துக்கடைக்காரர் சொன்னபின்புதான் தங்கைக்கு மூச்சு வந்தது.

ஓர் இயேசு சபைக் குருவின் கொடை

இத்தனை தெளிவாக எங்களால் முடிவெடுக்க முடிந்ததற்குக் காரணம் முன்னறிவிப்பு. அதன் வரலாற்றில் நம் திருச்சபைக்கு ஒரு பங்கு உண்டென்பதை வாசக அன்பர்கள் அறிந்திருப்பது நல்லது. இசுபானிய நாட்டில் பிறந்த இயேசு சபைக் குரு பெனிட்டோ வீனியெஸ், 1870இல் கியூபாவின் ஹவானா நகருக்கு வந்து, பெலேன் கல்லூரியின் வானிலை ஆய்வகப் பொறுப்பை ஏற்றார். நாள்தோறும் காற்றழுத்தத்தையும் முகில்களின் போக்கையும் குறித்துவைத்தார். மிக உயரத்தில் இறகுபோல் விரியும் மெல்லிய முகில்களைக் கொண்டு, கண்ணுக்கெட்டாத தொலைவிலுள்ள புயல் எத்திசையில் இருக்கிறது என்று கணித்தார். 1875 செப்டம்பரில் அவர் வெளியிட்ட புயலெச்சரிக்கை, அப்பகுதியின் முதல் எச்சரிக்கையாகப் போற்றப்படுகிறது. 1893இல் தம் இறுதி ஆய்வை முடித்துத் தந்த பின் விரைவிலேயே அவர் மறைந்தார்.

அவர் வழிவந்த கியூபா நாட்டு அறிஞர்களின் கணிப்பை 1900ஆம் ஆண்டில் அமெரிக்க வானிலைத் துறையினர் பொருட்படுத்தவில்லை. அவ்வாண்டு செப்டம்பர் 8ஆம் நாள் கால்வெஸ்டன் நகரைப் புயல் விழுங்கிற்று. மாண்டவர் குறைந்தது 6,000 பேர். அறிவு இருந்தும் செவி இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு அந்நகரமே சான்று.

ஒரே கூரையின் கீழ்

புதன் பிற்பகலிலேயே பூங்காக்கள் மூடப்பட்டன. விமான நிலையமும் அன்று காலையே பணியை நிறுத்தியிருந்தது. விளையாட வந்தவர்களும் உயிர் பிழைக்க வந்தவர்களும் இப்போது எங்கள் விடுதியில் ஒன்றாய் நிறைந்திருந்தோம். எங்களுக்கு அடுத்த அறையில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரிலிருந்து வந்த ஒரு முதிய தம்பதியர், தம் நாயோடு தங்கியிருந்தனர். இரண்டு வாரத்துக்கு முன் ஹெலீன் புயலில் அவர்கள் வீட்டுக்குள் கடல்நீர் புகுந்திருந்தது. நனைந்துபோன நாற்காலிகளும் மெத்தைகளும் தெருவோரம் குவிந்து கிடக்கையிலேயே அடுத்த புயல் வந்துவிட்டது. "இனிக் கெடுவதற்கு வீட்டில் ஒன்றுமில்லை, நாங்கள் மூவரும் இருக்கிறோம்" என்று நாயையும் சேர்த்துச் சொன்னார் அப்பெரியவர்.

அன்றிரவு எட்டரை மணியளவில் சாரசோட்டாவுக்கு அருகே சீயெஸ்ட்டா கீ என்னுமிடத்தில் மில்ட்டன் மூன்றாம் படிநிலைப் புயலாகக் கரையேறிற்று. எங்கள் சன்னல்களுக்கு வெளியே காற்று விடியுமட்டும் ஊளையிட்டது. பிள்ளைகள் பாட்டியின் இருபுறமும் உறங்கினர். பாட்டி செபமாலையோடு விழித்திருந்தார். காலையில் முறிந்த கிளைகளையும் தேங்கிய நீரையும் தவிர எங்களுக்குச் சேதமில்லை. ஆனால் புயலின் மையத்துக்கு வெகு தொலைவில், கிழக்குக் கரையில், முதியோர் வாழ்ந்த இலகு வீட்டுக் குடியிருப்பு ஒன்றில் புயலோடு பிறந்த சூறாவளி முந்தைய பிற்பகலிலேயே ஆறு உயிர்களைக் கொண்டுபோயிருந்தது.

அடுத்த அறைப் பெரியவருக்கு ஊரிலிருந்து தொலைபேசி வந்தது. புயல் சற்றுத் தெற்கே விலகியதால் டாம்பா விரிகுடாவில் அஞ்சியபடி கடல் பொங்கவில்லை. காற்று நீரை வெளியே தள்ளிவிட்டது. அவர் மனைவி கைகூப்பி அழுதார். பெரியவரோ என்னிடம் திரும்பி, "தந்தையே, புயல் திரும்பவேண்டும் என்று இரவெல்லாம் மன்றாடினோம். திரும்பிற்று. ஆனால் தெற்கே இருப்பவர்களும் அதே மன்றாட்டைத்தானே சொல்லியிருப்பார்கள்?" என்று கேட்டார்.

குருமடத்தில் பயின்ற இறையியலைக் கொண்டு அவருக்கு விடையளிக்க நான் முயலவில்லை. அவருடைய வினாவே ஒரு நல்ல மன்றாட்டு என்று எனக்குத் தோன்றிற்று. தன் வீடு தப்பிய நாழிகையில் பிறர் வீட்டை நினைப்பவன், கடவுளின் எண்ணத்துக்கு அருகில் நிற்கிறான். அப்படியே அவரிடம் சொன்னேன். வெள்ளியன்று பூங்காக்கள் திறந்தன, பிள்ளைகள் ஓடினர். அத்தம்பதியர் வடக்கே செல்லாமல், வீடிருந்த திசை நோக்கிக் காரைச் செலுத்தினர். பின்னிருக்கையில் அண்டை வீட்டார்க்கென்று வாங்கிய தண்ணீர்ப் புட்டிகள் இருந்தன.

குடும்பங்களுக்குச் சில சொற்கள்

வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளைக் காணச் சென்று இத்தகைய இடங்களுக்குப் போகும் பெற்றோர் இன்று நம் பங்குகளில் பலர். அவர்களுக்குச் சொல்வேன்: புயற்காலத்தில் போகலாம், ஆயத்தமின்றிப் போகலாகாது. புயலெச்சரிக்கை வந்தால் பயண நாளை மாற்ற இயலுமா, கட்டிய பணம் திரும்புமா என்பதை முன்பதிவு செய்யும்போதே கேட்டறியுங்கள். முதியோரின் மருந்தைச் சில நாள்களுக்குக் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். மருந்துச்சீட்டும் கடவுச்சீட்டும் ஒரே உறையில், நீர் புகாதபடி இருக்கட்டும். வெளியேறச் சொன்னால் வாதிடாமல் வெளியேறுங்கள். இருக்கச் சொன்னால் இருங்கள்.

கடலோரத்தில் வாழும் நம் மக்களுக்கும் இவை பொருந்தும். பிள்ளைகளுக்குப் புயலைப் பற்றி அச்சமூட்டும் கதைகளைச் சொல்வதைவிட, எச்சரிக்கை வந்ததும் வீட்டில் யார் எதை எடுப்பது, அடுத்த வீட்டுக் கிழவியை யார் அழைத்து வருவது என்று முன்கூட்டியே பழக்கிவையுங்கள். ஒரு குருவானவர் ஆண்டுக்கணக்கில் முகில்களை அண்ணாந்து பார்த்தது, முன்பின் அறியாத மக்கள் உரிய வேளையில் கதவடைத்துக்கொள்ளவேண்டும் என்பதற்காகவே. அந்த அக்கறையில் ஒரு சிறு பங்கேனும் நம் ஒவ்வோர் இல்லத்திலும் இருக்கட்டும்.