படகில் போகலாம், ‘பாடம்’ பார்க்கலாம்! கோட்டயம் முதல் ஆலப்புழை வரை ஒரு தண்ணீர்ப் பயணம்

திருத்துறைப்பூண்டி பக்கத்தில் ஒரு கடைமடைக் கிராமம். அங்கே மூன்று ஏக்கர் வைத்திருக்கும் ஒரு தம்பதிக்குக் கல்யாணமாகி இருபத்தெட்டு வருடங்கள் ஆகின்றன. கோயில், கல்யாணம், ஆஸ்பத்திரி இந்த மூன்றைத் தவிர வேறு எதற்காகவும் இருவரும் சேர்ந்து வெளியூர் போனதில்லை. இந்த வருடம் சம்பா அறுவடையின்போது, கதிர் அறுக்கும் இயந்திரம் ஓட்டி வந்த சேலம் மாவட்டத்துத் தம்பி ஒருவர், டீ குடிக்கும் நேரத்தில் ஒரு செய்தி சொன்னார்.

“இங்க முடிச்சிட்டு நேரா கேரளாவுல குட்டநாட்டுக்குப் போறோம்ணே. அங்க வயலு கடலவிடத் தாழ்வா இருக்கும். மெஷினப் படகுல ஏத்தித்தான் வயலுக்கே கொண்டுபோவோம்.”

விவசாயி நம்பவில்லை. கடலைவிடத் தாழ்ந்த வயலில் தண்ணீர் வடிவது எப்படி? அவருடைய வயல் கடல்மட்டத்துக்கு மேலே இருந்தும், கார்த்திகை மழையில் ஒன்பது நாள் பயிர் தண்ணீருக்குள் நின்றது. ஒரு ஏக்கர் முழுதாக அழுகிப்போனது. வடிகால் வாய்க்காலில் ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்துக் கிடந்தன. வாய்க்கால் எல்லோருக்கும் பொது. அதனால் யாரும் இறங்கவில்லை.

“அப்படி என்னதான் பண்றாங்கன்னு ஒருதரம் போய்ப் பாத்துட்டு வந்துருவோமே” என்றார் மனைவி. நெல் பணம் கைக்கு வந்திருந்த நேரம். மார்ச் முதல் வாரத்தில் இருவரும் கிளம்பிவிட்டார்கள்.

பஸ் மாதிரி ஒரு படகு

குட்டநாட்டைப் படகில் சுற்றிப் பார்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ‘ஹவுஸ் போட்’ எனப்படும் படகு வீடு. ஒரு காலத்தில் நெல் மூட்டை ஏற்றிச் சென்ற ‘கெட்டுவள்ளம்’தான் இப்போது படகு வீடாக மாறியிருக்கிறது. ஆஞ்சிலி மரப் பலகைகளை ஆணி அடிக்காமல் தேங்காய் நார்க் கயிற்றால் கட்டிச் செய்வதால் ‘கெட்டு’வள்ளம். சாலைகளும் பாலங்களும் வந்ததும் இந்த வள்ளங்களுக்கு வேலை குறைந்தது. 1990-களில் கூரையும் படுக்கையறையும் சமையலறையும் வைத்து, சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடத் தொடங்கினார்கள். ஒரு இரவு தங்க ஆயிரக்கணக்கில் ஆகும்.

இன்னொன்று, கேரள அரசின் நீர்வழிப் போக்குவரத்துத் துறை நடத்தும் பயணிகள் படகு. 1968-ல் தொடங்கப்பட்ட இந்தத் துறைக்குத் தலைமையிடம் ஆலப்புழை. கோட்டயத்துக்கும் ஆலப்புழைக்கும் இடையே ஓடும் படகு போய்ச்சேர ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஆகும். டிக்கெட், நம் ஊர் டவுன் பஸ்ஸுக்குக் கொடுக்கிற அளவுதான். பால் கேன், அரிசிப் பை, பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் இதுதான் பஸ். தம்பதியும் கோட்டயம் கோடிமதை படகுத்துறையில் இதில்தான் ஏறினார்கள்.

முதலில் குறுகலான வாய்க்கால். இரண்டு பக்கமும் தென்னை, வாழை, வீடுகள். சில இடங்களில் வாய்க்காலின் குறுக்கே நடைபாலம் தாழ்வாக இருக்கும். படகு வருவதைப் பார்த்துக் கரையிலிருந்து ஒருவர் கயிற்றை இழுக்க, பாலம் மேலே எழும்பி வழிவிடும். படகு கடந்ததும் பாலம் பழையபடி இறங்கிவிடும். யாருக்கும் அவசரமில்லை.

ஒவ்வொரு வீட்டுக்கும் தண்ணீரில் இறங்கப் படிக்கட்டு இருந்தது. ஒரு படியில் ஒரு பெண் பாத்திரம் விளக்கினார். இன்னொன்றில் ஒரு பெரியவர் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். “பஸ்ஸுல போனா ஊரோட முதுகுதாங்க தெரியும். இங்க எல்லா வீடும் நம்மளப் பாத்த மாதிரியே நிக்குது” என்றார் மனைவி.

படகுப் பயணத்தின் அழகே இதுதான். சாலை வருவதற்கு முன் ஆறுதான் ஊருக்கு வாசல். தண்ணீரில் போகிறவருக்குத்தான் அந்த வாசல் தெரியும். வேகமும் அப்படித்தான். கரையில் நிற்கிற பயிர் எந்தப் பருவத்தில் இருக்கிறது, மஞ்சள் நோயா, கதிர் முற்றிய நிறமா என்று பார்த்துக்கொண்டே போகலாம். விவசாயிக்கு இதைவிடப் பொருத்தமான வேகம் இல்லை.

குனிந்து பார்க்க வேண்டிய வயல்

வாய்க்கால் அகன்றதும் விவசாயி இருக்கையை விட்டு எழுந்து நின்றுவிட்டார். படகு மேலே போய்க்கொண்டிருந்தது. கரைக்கு அந்தப் பக்கம், ஆள் உயரப் பள்ளத்தில், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பழுத்த நெல். தண்ணீர் மேலே, வயல் கீழே. டெல்டாக்காரர் கண்ணுக்கு எல்லாம் தலைகீழாகத் தெரிந்தது.

குட்டநாட்டின் வயல்களில் பெரும்பகுதி கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. சில இடங்களில் இரண்டு மீட்டருக்கும் மேல் பள்ளம். பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில் ஆறுகள் மலையிலிருந்து இறங்கி, வேம்பநாட்டுக் காயலில் சேரும் இடம் இது. அந்தச் சதுப்பிலும் காயலிலும் கரை கட்டி, உள்ளே இருந்த தண்ணீரை வெளியே இறைத்து வயலாக்கினார்கள். 1940-களில் முரிக்கன் என்று அழைக்கப்பட்ட ஜோசப் முரிக்கன் இப்படி மீட்டெடுத்த சித்திரை, மார்த்தாண்டம், ராணி காயல்கள் இன்றும் பெயர் பெற்றவை. 2013-ல் ஐ.நா. உணவு, வேளாண்மை நிறுவனம், உலக முக்கியத்துவம் வாய்ந்த பாரம்பரிய வேளாண் முறைகளில் ஒன்றாகக் குட்டநாட்டை அறிவித்தது.

பெயரிலேயே நமக்கு உறவு உண்டு. பழைய தமிழ் இலக்கண உரைகள் சொல்லும் பன்னிரண்டு நாடுகளில் குட்டநாடும் ஒன்று. வேளாண் விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதன் பிறந்தது கும்பகோணம். ஆனால், அவர் பெயரின் முதலில் இருக்கும் ‘எம்’ என்ற எழுத்து, குட்டநாட்டில் உள்ள அவருடைய பூர்வீக ஊரான மங்கொம்பைக் குறிக்கிறது. அதே மங்கொம்பில் உள்ள நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ‘உமா’ என்ற சிவப்பரிசி ரகம்தான் இங்கே அதிகம் பயிராகிறது.

தண்ணீர் ஒன்று, தேதியும் ஒன்று

பக்கத்து இருக்கையில் ஐந்து ஏக்கர் நெல் வைத்திருக்கும் உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். விவசாயி கேட்ட முதல் கேள்வியே, “தண்ணிய எப்படிங்க ஐயா வடிக்கிறீங்க?” என்பதுதான்.

பெரியவர் சொன்னதன் சுருக்கம் இது. மலையாளத்தில் ‘பாடம்’ என்றால் வயல். ஒரே கரைக்குள் இருக்கும் வயல்கள் எல்லாம் சேர்ந்து ‘பாடசேகரம்’. சில பாடசேகரங்கள் சிறியவை, சில ஆயிரம் ஏக்கரைத் தாண்டும். மழைக்காலம் முடிந்ததும், பாடசேகரத்தின் விவசாயிகள் கூடிக் கரையைப் பலப்படுத்தி, மோட்டார் போட்டு இரவு பகலாகத் தண்ணீரை வெளியே இறைக்கிறார்கள். இதற்கு ‘பெட்டியும் பறையும்’ என்ற பழைய இறவை இயந்திரம் இன்றும் பயன்படுகிறது. பறை என்பது நட்டுவைத்த உருளை. அதற்குள் சுழலும் விசிறி தண்ணீரைத் தூக்க, பெட்டி வழியாக அது கரைக்கு வெளியே போகிறது. அதிக உயரம் தூக்காது. ஆனால், கொஞ்ச உயரத்துக்கு ஏராளமான தண்ணீரைத் தள்ளும்.

நீர் இறங்கியதும், முளைகட்டிய விதையை நேரடியாக விதைக்கிறார்கள். அக்டோபர், நவம்பரில் விதைத்தால் பிப்ரவரி, மார்ச்சில் அறுவடை. இதுதான் ‘புஞ்சை’ப் பருவம். நாம் சொல்லும் புஞ்சை வேறு, அவர்கள் சொல்லும் புஞ்சை வேறு. அறுவடை முடிந்ததும் வாத்துக் கூட்டம் இறங்கும். பிறகு மதகைத் திறந்து ஆற்று நீரை உள்ளே விடுவார்கள். அது களையை அழுத்தும், மண்ணின் புளிப்பையும் உப்பையும் கழுவும், வண்டலையும் போடும்.

“ஒருத்தரு மட்டும் லேட்டா விதைச்சா?” என்று கேட்டார் விவசாயி.

பெரியவர் சிரித்தார். அப்படி முடியாது. உள்ளே இருக்கும் தண்ணீர் எல்லோருக்கும் ஒன்று. அதனால் தேதியும் ஒன்று. இறைப்புச் செலவு, கரைச் செலவு எல்லாம் பாடசேகரக் கமிட்டி வழியாகத்தான். கரையில் ஒரு இடம் உடைந்தால் ஒருவருடைய வயல் மட்டும் போகாது, அத்தனை பேருடையதும் போய்விடும். ஆகவே, பக்கத்து வயல்காரரோடு பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும் கரைக்கு வந்து நின்றே ஆக வேண்டும்.

எல்லாம் நன்றாக இருக்கிறது என்றும் அவர் சொல்லவில்லை. 2018 வெள்ளத்தில் வீட்டை விட்டு வெளியேறி முகாமில் இருந்திருக்கிறார். அறுவடை நேரத்தில் மழை வந்தால் இயந்திரம் சேற்றில் இறங்காது. கரை உடைந்து வருடக்கணக்கில் தண்ணீரில் கிடக்கும் நிலங்களும் உண்டு. உப்பு நீரைத் தடுக்க 1970-களில் முடிக்கப்பட்ட தண்ணீர்முக்கம் தடுப்பணை நெல்லுக்கு உதவுகிறது. ஆனால், அதை மூடிவைக்கும் மாதங்களில் மீனும் இறாலும் கடலிலிருந்து வர முடிவதில்லை. ஓட்டம் இல்லாத நீரில் ஆகாயத்தாமரை பெருகுகிறது. எப்போது மூடுவது, எப்போது திறப்பது என்று நெல் விவசாயிகளுக்கும் மீனவர்களுக்கும் இடையே வழக்கு தீர்ந்தபாடில்லை. படகு வீடுகள் கிளப்பும் அலை கரையை அரிக்கிறது, அவற்றின் டீசலும் கழிவும் காயலில் கலக்கின்றன என்ற வருத்தமும் அவருக்கு இருந்தது. ஆனால், அவருடைய மகனுக்குச் சோறு போடுவதும் ஒரு படகு வீட்டு வேலைதான்.

கொஞ்ச நேரத்தில் படகு வேம்பநாட்டுக் காயலுக்குள் நுழைந்தது. எதிரே, இரண்டு வள்ளங்களைச் சேர்த்துக் கட்டி, அதன் மேல் கதிர் அறுக்கும் இயந்திரம் ஒன்று மிதந்து போனது. அதில் தமிழ்நாட்டுப் பதிவு எண். மனைவி கையை உயர்த்தி ஆட்டினார். அந்தப் பக்கமிருந்தும் ஒரு கை ஆடியது. சேலத்துத் தம்பியா, வேறு யாருமா, தெரியவில்லை.

போக விரும்புகிறவர்களுக்கு

வேளாங்கண்ணியிலிருந்து எர்ணாகுளம் செல்லும் ரயில் திருத்துறைப்பூண்டி, காரைக்குடி, செங்கோட்டை, கொல்லம் வழியாகக் கோட்டயம் போகிறது. இது தினமும் ஓடுவதில்லை, நாளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தேனிப் பக்கத்தினர் குமுளி வழியாகப் பஸ்ஸில் போகலாம். நெல்லைப் பச்சையாகப் பார்க்க ஜனவரி, அறுவடையைப் பார்க்க மார்ச். ஜூன், ஜூலையில் போனால் பெரும்பாலும் தண்ணீரைத்தான் பார்க்க முடியும். படகு புறப்படும் நேரத்தை முதல் நாளே படகுத்துறையில் விசாரித்துக்கொள்வது நல்லது. பாசி, களை, பாலவேலை காரணமாகச் சில நேரம் பாதை மாறும். படகு வீட்டில் தங்குவதானால் குழுவாகச் சேர்ந்து எடுத்தால் செலவு குறையும். முழுத் தொகையையும் முன்பே பேசி எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். எந்தப் படகாக இருந்தாலும் மிதவை உடை எங்கே இருக்கிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக்கைத் தண்ணீரில் போடாதீர்கள். அது யாரோ ஒரு விவசாயியின் மதகில் போய்த்தான் அடைக்கும்.

தம்பதி மறுநாள் இரவு ஊருக்குத் திரும்பினார்கள். ரயிலில் வரும்போதே இருவரும், தங்கள் வடிகால் வாய்க்காலில் யார் யாருக்கு நிலம் இருக்கிறது என்று விரல்விட்டு எண்ணினார்கள். முப்பத்தெட்டு குடும்பங்கள். கோடையில் எல்லோரும் சேர்ந்து செலவு போட்டுத் தூர்வாரலாம் என்று வீடு வீடாகப் போய்ப் பேசி வருகிறார்கள். இதுவரை பதினொரு பேர் சரி என்றிருக்கிறார்கள். இரண்டு பேர் முகம் கொடுத்துப் பேசவில்லை. மீதிப் பேரைப் பார்க்க மழைக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது.