கல்பாத்தி முதல் மூணாறு வரை

சென்ற கோடை விடுமுறையில் நம் சங்கத்துக் குடும்பங்கள் சில, பள்ளிச் சிறுவர் சிறுமியரையும் வீட்டுப் பெரியவர்களையும் உடனழைத்துக்கொண்டு, பாலக்காட்டிலிருந்து மறையூர் வழியாக மூணாறு வரை ஒரு பிரயாணம் சென்று வந்தோம். கோயில் தரிசனமோ குளிர்காற்று வாங்குவதோ முதல் நோக்கமன்று. மலையாள நாட்டின் எல்லையோரங்களில் தமிழர் எத்தகைய வீடுகளில் குடியிருந்தார்கள் என்பதைக் குழந்தைகள் கண்ணால் காண வேண்டும். அவ்வீடுகளின் பகுதிகளுக்கு உரிய பெயர்களைப் பெரியவர்கள் வாயிலாகக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும் என்பதே நோக்கம். கால அட்டவணை பார்க்கும் வேலை வழக்கம்போல் ரயில்வே குமாஸ்தாவாகிய என் தலையில் விழுந்தது. எழுதும் வேலையும் அதனோடு ஒட்டிக்கொண்டது.

இம்முயற்சி நாங்கள் கண்டுபிடித்ததன்று. 1984-இல் நிறுவப்பெற்ற இன்டாக் என்னும் பண்பாட்டுச் சின்னங்கள் காப்பு நிறுவனம், பள்ளிக்கூடங்களில் மாணவர் மன்றங்கள் அமைத்துப் பழங்கட்டடங்களைப் பற்றிக் கற்பித்து வருகிறது. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவைப் பார்த்தவர்கள் நம்மில் பலர் உண்டு. செட்டிநாட்டு வீடு, அக்கிரகாரத்து வீடு, மலையாள நாட்டு வீடு என்று பழைய வீடுகளைப் பிரித்துக் கொணர்ந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். அவ்வளாகத்திற்கு வடிவம் வகுத்தவர்களுள் ஒருவரான லாரி பேக்கர், அறுபதுகளில் இடுக்கி மலையிலுள்ள வாகமண்ணில் தம் மனைவியாரின் மருத்துவப் பணிக்குத் துணையாயிருந்து வாழ்ந்தவர். உள்ளூர்க் கொத்தனிடமும் தச்சனிடமும் கற்றுக்கொள்ளக் கூசாத ஆங்கிலேயர் அவர். முட்டுக்காடு நமக்குத் தொலைவு. கல்பாத்தியோ வாசற்படியில் இருக்கிறது.

முன்னாளில் ஒலவக்கோடு எனப்பட்ட பாலக்காடு ஜங்ஷனிலிருந்து கல்பாத்திக்கு ஆட்டோவில் சிறிது நேரமே ஆகும். சேகரிபுரத்து லட்சுமி அம்மாள் என்னும் மூதாட்டி 1425-ஆம் ஆண்டையொட்டிக் காசியிலிருந்து லிங்கம் கொணர்ந்து விசுவநாத சுவாமி கோயிலை எழுப்பினார் என்பது ஸ்தல வரலாறு. 'காசியில் பாதி கல்பாத்தி' என்பார்கள். கோயிலிலிருந்து ஆற்றுக்கு இறங்கும் படிகளைக் கண்டால் அதன் பொருள் விளங்கும். தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் தெருவின் இரு மருங்கிலும் சுவரோடு சுவர் சேர்த்து வீடு கட்டினார்கள்.

இதனைக் குழந்தைகளுக்கு விளக்குவது எளிதாயிருந்தது. மலையாளத்து நாலுகெட்டு வீடு தன் தோப்பின் நடுவே தனித்து நிற்கும். அக்கிரகாரத்து வீடோ, கோத்துவிட்ட ரயில் பெட்டிகளைப்போல், அண்டை வீட்டோடு ஒட்டி நிற்கும். அன்னிய பூமிக்கு வந்தவர்கள் அருகருகே இருக்க விரும்பியிருக்கலாம். நடுச்சுவர் ஒன்றே இரு வீட்டுக்கும் பொதுவாயின் செலவும் குறையும். முகப்பு குறுகலாகவும் உள்ளே நீளமாகவும் அமைந்த இவ்வீட்டுக்குப் பக்கவாட்டில் ஜன்னல் வைக்க இடமில்லை. ஆகவே வெளிச்சம் மேலிருந்து வரவேண்டும். அதற்காக ஏற்பட்டதே முற்றம்.

இங்கேதான் ஒரு வேடிக்கை நடந்தது. "முற்றத்தைக் காட்டுங்கள் பார்ப்போம்" என்றதும், மலையாளப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகள் அனைவரும் வாசலுக்கு ஓடினார்கள். மலையாளத்தில் முற்றம் என்றால் பெரும்பாலும் வீட்டுக்கு முன்னுள்ள வெளியிடம் அல்லவா? எங்களுடன் வந்திருந்த தஞ்சாவூர்ப் பாட்டியம்மாள் சிரித்துவிட்டார். "ஏண்டா கண்ணா, வாசலுக்கா ஓடுகிறாய்? வீட்டுக்குள்ளே வானம் தெரிகிற இடம்டா முற்றம்! மழை பெய்தால் அண்டாவை அங்கேதான் வைப்போம்" என்றார். பிறகு அவரே ஆசிரியை ஆனார். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கிணற்றடி, கொல்லை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வீட்டுக்காரரின் அனுமதியோடு வாசலிலிருந்து கொல்லை வரை நடந்தார். பிள்ளைகள் பின்னாலேயே படம் வரைந்து பெயர் எழுதினார்கள். ரேழி என்ற சொல்லை அவர்களில் ஒருவரும் அதற்குமுன் கேட்டதில்லை. இன்றைய அடுக்குமாடி வீட்டில் ரேழியும் இல்லை, திண்ணையும் இல்லை. பொருள் போனபின் சொல் எத்தனை நாள் தங்கும்?

திண்ணையின் உயரத்தை ஒரு சிறுமி சாணால் அளந்தாள். தெருவில் நிற்பவரோடு முகம் பார்த்துப் பேச ஏற்ற உயரம் என்பதை அவளே உட்கார்ந்து கண்டுகொண்டாள். நான் பத்துப் பக்கம் எழுதினாலும் அவளுக்கு அது விளங்கியிராது.

அதே திண்ணையில் நடந்த இன்னொரு செய்தியையும் எழுத வேண்டும். எங்களுள் பாலக்காட்டிலேயே பிறந்த பெரியவர் ஒருவர், "என் தகப்பனார் சிறுவராக இருந்தபோது இந்தத் தெருவில் கால் வைக்க முடியாது" என்று சொல்லத் தொடங்கினார். குழந்தைகளிடம் இது எதற்கு என்று எங்களில் சிலர் முகம் சுளித்தார்கள். சொல்லத்தான் வேண்டும் என்பது என் கருத்து. பொதுச்சாலைகளில் யாவரும் நடக்கலாம் என்று சென்னை அரசாங்கம் 1924-இல் ஆணையிட்டது. அவ்வாண்டு நவம்பர் மாதம் தேர்த் திருவிழாவின்போது இத்தெருவில் நுழைந்த ஈழவ மக்கள் அடித்துத் துரத்தப்பட்டார்கள். ஆரிய சமாஜத்தில் சேர்ந்தாவது நடக்கும் உரிமை கிடைக்குமா என்று சிலர் முயன்றார்கள். திண்ணை யாரை வரவேற்றது என்று கற்பிக்கிறவர்கள், யாருக்கு அது தொலைவில் இருந்தது என்பதையும் கற்பிக்க வேண்டாமா? பெரியவர் கதையை முடித்தார். பாட்டியம்மாள் அவரைத் தம் அருகில் திண்ணையில் உட்காரச் சொன்னார். பிள்ளைகள் அதையும் நோட்டில் எழுதினார்கள்.

கல்பாத்தி இப்போது பாரம்பரியக் கிராமமாக அறிவிக்கப்பட்டுள்ளது. இடிக்கவும் மாற்றிக் கட்டவும் கட்டுப்பாடுகள் உண்டு. நமக்குப் பார்க்க அழகு. ஒழுகும் ஓட்டின் கீழ் வாழ்கிறவருக்கோ அது வேறு கணக்கு. பிள்ளைகள் பம்பாயிலும் வெளிநாட்டிலும் இருக்க, பூட்டிக்கிடக்கும் வீடுகளையும் கண்டோம்.

நிற்க. பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி செல்லும் ரயில் பாதை 1932-இல் மீட்டர் கேஜாகத் திறக்கப்பட்டு, அகலப்பாதையாக மாறி 2015 முதல் மீண்டும் ஓடுகிறது. கொல்லங்கோடு, முதலமடை வழியாகத் தெற்கே மலையையும் பனந்தோப்பையும் பார்த்துக்கொண்டே உடுமலைப்பேட்டை வரை சென்றோம். அங்கிருந்து பஸ்ஸில் சின்னாற்றுச் சோதனைச் சாவடியைக் கடந்தால் இடுக்கி மாவட்டம். மறையூரில் சந்தன மரமும் வெல்லமும் பெயர் பெற்றவை. எங்களுக்கு வேண்டியதோ கோவில்கடவுக்கு அருகே பாறைமேல் நிற்கும் முனியறைகள். பக்கத்துக்கு ஒரு பலகைக் கல்லாக நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடியாக வைத்த பழங்கால ஈமச் சின்னங்கள் அவை. "சுண்ணாம்பு இல்லாமல் எப்படி நிற்கிறது?" என்று கேட்ட பையனிடம், நோட்டுப் புத்தகங்களை நிறுத்தி அவ்வாறே கட்டிப் பார்க்கச் சொன்னோம். மூன்று முறை விழுந்தது. நான்காம் முறை நின்றது.

மறையூர், காரையூர், காந்தல்லூர், கீழாந்தூர், கொட்டகுடி ஆகிய ஐந்தூர்களைச் சேர்த்து அஞ்சுநாடு என்பார்கள். மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள் என்று இவ்வூரார் சொல்லுகிறார்கள். மலைமேலுள்ள முதுவரும் தம் முன்னோர் மதுரையிலிருந்து வந்ததாகவே கூறுவர். அவர்களுடைய குடிகளில் மணமாகாத இளைஞர் தங்குவதற்கெனச் சாவடி என்ற தனிக் குடில் உண்டு. நேரம் போதாமையால் அங்கெல்லாம் நாங்கள் நின்று பார்க்கவில்லை.

மூணாற்றில் என் கால் முதலில் ரயில்வேயைத் தேடியது இயல்புதானே! குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902-இல் ஒற்றைத் தண்டவாளப் பாதையும், 1908 முதல் இரண்டடி அகலப் பாதையும் டாப் ஸ்டேஷன் வரை தேயிலை சுமந்தன. கல்பாத்தியில் அடிதடி நடந்த அதே 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அதனை அடியோடு அழித்தது. பழைய ஸ்டேஷன் கட்டடம் இன்று தேயிலைக் கம்பெனியின் அலுவலகம்.

ஆனால் மூணாற்றில் பிள்ளைகள் பார்க்க வேண்டிய கட்டடம் லயம். ஆங்கிலத்தில் லைன் என்றதை நம் மக்கள் லயம் ஆக்கிக்கொண்டார்கள். இங்கும் சுவரோடு சுவர்தான். எனினும் கல்பாத்தியில் குடியேறியவர்கள் தாமே கட்டினார்கள். இங்கே கம்பெனி கட்டியது. ஓர் அறை, ஓர் அடுக்களை, முன்னால் சிறு தாழ்வாரம். முற்றமில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் வீட்டையும் விட்டுப் போகவேண்டும். லயத்தில் பிறந்த அம்மாள் ஒருவர் எங்களுடன் வந்திருந்தார். "எங்கள் வீட்டை எனக்கு அடையாளம் சொல்லத் தெரியாது தம்பி. நம்பரைத்தான் சொல்லத் தெரியும்" என்றார். ஆயினும் அத்தாழ்வாரத்தில் பிரசவம் பார்த்தது, தீபாவளிக்கு முறுக்குச் சுட்டது, அடுத்த வீட்டுப் பிள்ளைக்குச் சுவர் வழியாகவே தாலாட்டுக் கேட்டது என்று அவர் சொல்லச் சொல்ல, நோட்டில் அதிகப் பக்கம் நிறைந்தது அங்கேதான். 2020 ஆகஸ்டு 6-ஆம் தேதி இரவு ராஜமலைப் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது எழுபது பேர் மாண்டார்கள். பலர் கயத்தாற்றுப் பகுதியைப் பூர்வீகமாகக் கொண்ட தொழிலாளர் குடும்பத்தார். மலைச்சரிவுக்குக் கீழே வரிசையாக வீடு கட்டினால் என்ன நேரும் என்பதும் கட்டடக் கலைப் பாடம்தான். அதை அந்த அம்மாளே பிள்ளைகளுக்குச் சொன்னார், நாங்கள் குறுக்கிடவில்லை.

பிள்ளைகளின் நோட்டு இப்போது சங்கத்து நூலகத்தில் இருக்கிறது. வீட்டுப் பகுதிகளின் பெயர்கள் ஒருபுறமும், அவற்றைச் சொன்னவரின் சொந்த ஊர் மறுபுறமும் எழுதியிருக்கிறார்கள். நெல்லைச் சீமை, இராமநாதபுரம் சீமைக்குரிய பக்கங்கள் பெரும்பாலும் வெறுமையாக உள்ளன. அவ்வூர்ப் பெரியவர்கள் ஞாயிறு மாலையில் நூலகத்திற்கு வந்து சொன்னால் எழுதிக்கொள்ளப் பிள்ளைகள் காத்திருப்பார்கள். அடுத்த கல்பாத்திப் பயணம் ஐப்பசித் தேர் முடிந்த மறுவாரம். தேர் நாட்களில் கூட்டத்தில் திண்ணையே கண்ணுக்குத் தெரியாது.