உடைந்த சதுரம்

ஐந்து பேர், ஐந்து உறைகள், உறைகளுக்குள் கத்தரித்த 15 அட்டைத் துண்டுகள். ஐவர் முன்னாலும் ஒரே அளவில் ஆளுக்கொரு சதுரம் அமைந்தால்தான் ஆட்டம் முடியும். பேசக் கூடாது. சாடை காட்டக் கூடாது. அடுத்தவர் துண்டை எடுக்கக் கூடாது. தன்னிடம் உள்ளதைக் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

நியூயார்க் மாநிலச் சிறைகளில், பச்சைச் சீருடை அணிந்தவர்களோடு பல வருடங்களாக இந்த ஆட்டத்தை நடத்தி வருகிறேன். அகிம்சையைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இந்த அட்டைத் துண்டுகள் கற்றுத்தந்தது.

இதே மாநிலத்தில் 1971-இல் அட்டிகா சிறைக் கிளர்ச்சியில் 43 பேர் இறந்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, 1975-இல், கிரீன் ஹேவன் சிறைக்கைதிகள் சிலர் குவேக்கர் சமயத்தாரிடம் உதவி கேட்டார்கள். இளைஞர்கள் தங்கள் வழியில் வந்து அழியாமல் தடுக்க வேண்டும் என்பது அவர்கள் கவலை. நான் இந்த ஆட்டத்தை நடத்தும் 'வன்முறைக்கு மாற்று வழிகள்' பயிலரங்கு அப்படித்தான் பிறந்தது. தேவையை முதலில் உணர்ந்தவர்கள் உள்ளே இருந்தவர்கள். அதனால்தான் இன்றும் பயிற்சி பெற்ற கைதிகள் எங்களோடு சமமாக நின்று பயிலரங்கை நடத்துகிறார்கள். யாரையும் கட்டாயப்படுத்தி உட்கார வைப்பதில்லை. நடத்தும் எங்களுக்குச் சம்பளமும் இல்லை.

முதல் நாள் காலையில் ஒவ்வொருவரும் தன் பெயருக்கு முன்னால் ஒரு நல்ல அடைமொழியைச் சேர்க்க வேண்டும். பெயரின் முதலெழுத்திலேயே அதுவும் தொடங்க வேண்டும். நமக்கு மோனை புதிதல்ல. ஆனால் வருடக்கணக்கில் எண்ணாலும் குடும்பப் பெயராலும் மட்டுமே அழைக்கப்பட்ட ஒருவர், தன்னைப் பற்றி ஒரு நல்ல சொல்லைத் தேடித் தடுமாறுவதைப் பார்த்தால் அந்த மோனையின் கனம் புரியும்.

பயிலரங்கின் மூன்று நாட்களும் வட்டமாக நாற்காலிகள். ஒருவர் பேச, மற்றவர் குறுக்கிடாமல் கேட்கும் பயிற்சி. நடித்துப் பார்க்கும் சண்டைகள். எல்லாவற்றுக்கும் நடுவில் 'மாற்றும் ஆற்றல்' என்று நாங்கள் சொல்லும் ஒன்று: தன்னை மதி, பிறர்மேல் அக்கறை கொள், நல்லதையே எதிர்பார், கை ஓங்குமுன் யோசி, வன்முறையில்லாத வழியைத் தேடு.

சதுர ஆட்டத்தில் ஒரு சூழ்ச்சி உண்டு. தவறான துண்டுகளை வைத்தும் ஒரு சதுரம் அமைந்துவிடும். அப்படி அமைத்தவர் தன் வேலை முடிந்ததென்று கைகட்டி உட்கார்ந்துவிடுவார். அவர் அதைக் கலைத்தால்தான் மற்றவர்களுடையது அமையும்.

ஒருமுறை ஓர் இளைஞன் அப்படித்தான் உட்கார்ந்திருந்தான். மற்ற நால்வரும் திணறினார்கள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். எனக்குப் பொறுக்கவில்லை. குனிந்து அவன் சதுரத்தில் ஒரு துண்டை விரலால் தொட்டுக் காட்டிவிட்டேன். உடனே ஐந்து சதுரங்களும் அமைந்தன. ஒருவர் முகத்திலும் மகிழ்ச்சி இல்லை.

அன்று மாலை, என்னோடு நடத்திய கைதி சொன்னார்: "அவன் தானாகக் கலைக்க வேண்டியதை நீங்கள் பிடுங்கிவிட்டீர்கள். இங்கே எங்களிடமிருந்து எல்லாவற்றையும் பிடுங்கியாகிவிட்டது. கொடுப்பது ஒன்றுதான் மிச்சம்."

அந்தச் சொல் இன்றும் என்னோடு வருகிறது, ருவாண்டாவை நினைக்கும்போதும். 1994 இனப்படுகொலைக்குப் பிறகு ருவாண்டாவிலும் இந்தப் பயிலரங்கு நடந்தது. ஊர்மக்களின் கச்சாச்சா நீதிமன்றங்களில் தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்தவர்களும் அதில் கலந்துகொண்டார்கள். உறவுகளைப் பறிகொடுத்தவர்களும் பறித்தவர்களும் ஒரே ஊரில் வாழ வேண்டிய இடத்தில் வெளியாள் விரல் நீட்டி எதைக் காட்டிவிட முடியும்? வட்டம் போட்டு உட்காரலாம், காத்திருக்கலாம்.

காத்திருப்பதுதான் இந்தப் பணியின் கடினமான பகுதி. அறிவுரை நாக்கு நுனிவரை வரும். அதை விழுங்க வேண்டும்.

அந்த இளைஞன் பிறகு மேல்நிலைப் பயிலரங்கையும், நடத்துநர் பயிற்சியையும் முடித்தான். சென்ற முறை சதுர ஆட்டத்தை அவனே நடத்தினான். ஒரு மேசையில் ஒருவர் தன் சதுரத்தை முடித்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். நான் அவனைப் பார்த்தேன். அவன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கோத்துக்கொண்டு நின்றிருந்தான்.