வராதவரைத் தேடும் கூட்டம்

திருவனந்தபுரத்துக்கு மாற்றலாகி வரும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் என்னிடம் வழக்கமாக மூன்று கேள்விகள் கேட்பார்கள். வாடகை வீடு எந்த ஏரியாவில் பார்க்கலாம்? பிள்ளைகளை எந்தப் பள்ளியில் சேர்க்கலாம்? தமிழ் ஆராதனை எங்கே நடக்கிறது? மூன்றுக்கும் பதில் சொல்வது எளிது. ஆனால் மூன்றாவது கேள்விக்குப் பின்னால், வாய்விட்டுக் கேட்காத நான்காவது கேள்வி ஒன்று இருக்கிறது. 'அங்கே போனால் எங்களை யாராவது தெரிந்துகொள்வார்களா?' அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

தமிழருக்கு இந்த ஊர் அந்நியமில்லை. சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் பல தலைமுறைகளாகத் தமிழ் கேட்கிறது. 1956 நவம்பர் 1 வரைக்கும் கன்னியாகுமரிப் பக்கத்து மக்களுக்கு இதுதான் தலைநகரம். பாளையத்தில் எல்.எம்.எஸ். என்ற பேருந்து நிறுத்தத்தின் பெயரே லண்டன் மிஷனரி சங்கத்தின் பெயர்தான். அங்கே 1906-ல் கட்டிய மட்டீர் நினைவு ஆலயம் இன்றும் நிற்கிறது. இத்தனை இருந்தாலும், தம்பானூரில் பெட்டிகளோடு இறங்குகிற குடும்பத்துக்கு ஊர் புதிதுதான். தும்பா விண்வெளி மையத்துக்கு வருகிறவர்கள், டெக்னோபார்க்குக்கு வருகிற இளைஞர்கள், என்னைப் போல வங்கி ஆர்டரோடு வருகிறவர்கள், மருத்துவக் கல்லூரி வளாகத்துக்கு நோயாளியைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் என்று வரவு நிற்பதே இல்லை.

இவர்கள் முதல் ஞாயிறு ஆலயத்துக்கு வருகிறார்கள். "புதிதாக வந்திருப்பவர்கள் எழுந்து நிற்கவும்" என்று அறிவிப்பு வரும். எழுந்து நின்று பெயரும் ஊரும் சொன்னால் சபையார் கைதட்டுவார்கள். ஆராதனை முடிந்து வாசலில் போதகர் கை கொடுப்பார், யாராவது ஒருவர் "எந்த ஊர்?" என்று கேட்பார். இரண்டாவது ஞாயிறு புன்னகை மட்டும். மூன்றாவது ஞாயிறு பிள்ளைக்குக் காய்ச்சல், வரவில்லை. நான்காவது ஞாயிறு வந்தால், "போன வாரம் ஏன் வரவில்லை?" என்று கேட்க ஆள் இல்லை. ஐந்தாவது ஞாயிறு அந்தக் குடும்பம் வீட்டிலேயே டிவியில் செய்தி கேட்க ஆரம்பித்துவிடும்.

வங்கியில் கணக்குத் தொடங்கும் நாளன்று வாடிக்கையாளருக்கு நாற்காலி போட்டு உட்கார வைப்போம். பிறகு இரண்டு வருடம் அந்தக் கணக்கில் எந்தப் பரிவர்த்தனையும் இல்லை என்றால் கம்ப்யூட்டர் அதைச் செயல்படாத கணக்கு என்று தனியே பிரித்துக் காட்டும். சபையில் அப்படிக் காட்ட கம்ப்யூட்டர் இல்லை. முந்நூறு பேர் உட்காரும் ஆலயத்தில் ஒரு குடும்பம் வராதது போதகர் கண்ணுக்கும் படாது. அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. பத்துப் பன்னிரண்டு பேர் கூடும் வீட்டில்தான் ஒரு நாற்காலி காலியாக இருப்பது தெரியும்.

எங்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டம் அப்படிப்பட்டதுதான். நாங்கள் இதை வீட்டு ஜெபம் என்போம். காட்டேஜ் பிரேயர் என்பவர்களும் உண்டு, செல் குரூப் என்பவர்களும் உண்டு. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கப் பங்குகளில் இதற்கு 'அன்பியம்' என்று அழகான பெயர் வைத்திருக்கிறார்கள். வாரம் ஒரு வீடு. மாலை ஏழரைக்கு ஆரம்பித்து ஒன்பதுக்கு முடித்துவிட வேண்டும். ஒரு கீர்த்தனை, ஒரு வேதபாகம், அதைப் பற்றிப் பேச்சு, பிறகு ஒவ்வொருவரும் அந்த வாரத்துப் பாரத்தைச் சொல்வார்கள், ஜெபிப்போம். கடைசியில் கட்டன் சாயாவும் ஒரே ஒரு பலகாரமும்.

அந்த 'ஒரே ஒரு பலகாரம்' எங்கள் கூட்டத்தின் சட்டம்! காரணம் உண்டு. முன்பு ஒரு வீட்டில் இடியாப்பமும் முட்டைக்கறியும் வைத்தார்கள். அடுத்த வாரம் இன்னொரு வீட்டில் பிரியாணி. அதற்கடுத்த முறை ஒரே அறையில் குடியிருந்த இளம் தம்பதி, தங்கள் வீட்டு முறை வரும்போதெல்லாம் ஊருக்குப் போக வேண்டும் என்று சொல்லத் தொடங்கினார்கள். ஒரு அக்காதான் விஷயத்தைப் புரிந்துகொண்டு, "இனிமேல் யார் வீட்டிலும் சுண்டலுக்கு மேலே போகக்கூடாது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அடுத்த மாதம் அந்த அறையில் பதினோரு பேர் பாயில் நெருக்கி உட்கார்ந்தோம். உபசரிப்பில் போட்டி வந்தால் அங்கே ஏழைக்கு இடம் இல்லாமல் போகும். பிரசங்கம் வைக்காமலே புரிந்த பாடம் அது.

ஜெபம் தவிர அங்கே நடப்பதெல்லாம் சின்னச் சின்ன காரியங்கள்தான். மலையாளப் போர்டு படிக்கத் தெரியாதவருக்கு எந்தப் பஸ் உள்ளூர் வழியாகப் போகும் என்று சொல்வது, கேஸ் கனெக்‌ஷன் மாற்றும் படிவம், பிரசவத்துக்கு நல்ல டாக்டர், வீட்டுக்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தராமல் இழுத்தால் நியாயம் பேச ஒரு மூத்தவர். 'இதெல்லாம் ஆவிக்குரிய காரியமா?' என்று சிலர் கேட்பதுண்டு. அவர்களுக்கு ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியைத்தான் காட்டுவேன்.

அப்போஸ்தலர் நடபடிகள் பதினெட்டாம் அதிகாரத்தைப் பாருங்கள். ஆக்கில்லாவின் சொந்த ஊர் பொந்து தேசம், பிழைத்தது ரோமில். யூதர்கள் ரோமை விட்டுப் போகவேண்டும் என்று கிலவுதியுராயன் கட்டளையிட்டதால் கொரிந்துக்கு வந்தார்கள். அங்கே பவுல் புதிதாக வந்தபோது, ஒரே தொழில் (கூடாரம் பண்ணுவது) என்பதால் தங்களோடு தங்க வைத்துக்கொண்டார்கள். பிறகு எபேசுக்குப் போனார்கள், அங்கே அவர்கள் வீட்டில் சபை கூடியது. ரோமர் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் மறுபடி ரோமில் இருக்கிறார்கள், அங்கேயும் வீட்டில் சபை. எத்தனை டிரான்ஸ்பர் பாருங்கள்! போன இடத்திலெல்லாம் முதலில் வீட்டுக் கதவைத் திறந்தார்கள். அவர்களே வந்தேறிகள் என்பதால்தான் வந்தவனின் கஷ்டம் தெரிந்தது.

அவ்வளவு தூரம் போகாமல் நம் பக்கத்து மயிலாடிக்கு வருவோம். இன்று கல் சிற்பங்களுக்குப் பேர்போன ஊர், அன்று திருவிதாங்கூரில் இருந்தது. அந்த ஊர் மகாராசன் என்பவர் சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர், திரும்பும் வழியில் தஞ்சாவூரில் உறவினர் வீட்டில் தங்கினார். அங்கே கிறிஸ்தவர்களின் பழக்கம் கிடைத்து, மிஷனரி கோலாஃப் மூலம் வேதமாணிக்கம் என்ற பெயரோடு ஊர் திரும்பினார். சொந்தபந்தத்தில் சிலரைச் சேர்த்துக்கொண்டு தன் வீட்டிலேயே ஜெபம் நடத்தினார். லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே அந்தப் பக்கம் வந்தது அதற்குப் பிறகு, 1806-ல். பெரிய பெரிய கல் ஆலயங்களைப் பார்த்து மலைக்கிறோம். தென் திருவிதாங்கூரில் அந்தச் சபையின் வேரைத் தோண்டினால் ஒரு உறவினர் வீட்டுத் திண்ணையும் ஒரு வீட்டு ஜெபமும்தான் கிடைக்கும்.

வங்கிக்காரன் என்பதால் எனக்கு ரொம்பப் பிடித்த கதை இன்னொன்று. 1742-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து மெதடிஸ்டுகளுக்கு ஆலயம் கட்டிய கடன் பாக்கி. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வசூலிப்போம் என்றார்கள். ஏழைகளால் முடியாதே என்று கேள்வி வந்தது. கேப்டன் ஃபாய் என்பவர், மிகவும் ஏழைகளான பதினோரு பேரைத் தன் பொறுப்பில் விடச் சொன்னார். வாரம்தோறும் அவர்களைப் போய்ப் பார்ப்பதாகவும், கொடுக்க முடியாதவர்களுக்குத் தானே கொடுத்துவிடுவதாகவும் ஏற்றுக்கொண்டார். இப்படிப் பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிரித்து வீடு வீடாகப் போனபோதுதான் எந்த வீட்டில் வியாதி, எந்த வீட்டில் சண்டை, யார் குடியில் விழுந்தார் என்பதெல்லாம் தெரிய வந்தது. ஜான் வெஸ்லி அதைப் பிடித்துக்கொண்டார். கடன் வசூலுக்குப் போட்ட ஏற்பாடு மெதடிஸ்ட் சபையின் முதுகெலும்பாகிவிட்டது.

இதே கணக்கைக் கேரளத்தில் குடும்பஸ்ரீயில் பார்க்கிறேன். 1998-ல் தொடங்கிய திட்டம். பத்து முதல் இருபது பெண்கள் சேர்ந்து ஒரு அயல்கூட்டம். முறை வைத்து ஒருவர் வீட்டில் கூடுவார்கள், சின்னச் சேமிப்பு, உள்கடன். அந்தப் பெண்கள் வங்கிக்கு வரும்போது கவனித்திருக்கிறேன். "அவள் இந்த வாரம் வரவில்லை, ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்" என்று கேட்காமலே சொல்வார்கள். இருபது பேருக்குள் இருந்தால் யாரும் தொலைந்துபோக முடியாது.

இனி எங்கள் கூட்டத்துக்கே சோதனை வைத்த விஷயம். மருத்துவக் கல்லூரி வளாகத்தில்தான் ஆர்.சி.சி. என்ற மண்டலப் புற்றுநோய் மையமும் ஸ்ரீ சித்திரா மருத்துவ நிலையமும் இருக்கின்றன. தூத்துக்குடி, திருநெல்வேலி, குமரி மாவட்டங்களிலிருந்து நிறையப் பேர் வருகிறார்கள். ரேடியேஷன் என்றால் வாரக்கணக்கில் லாட்ஜில் தங்க வேண்டும். தூத்துக்குடிப் பக்கத்து அம்மா ஒருவர், கணவருக்குச் சிகிச்சை பார்க்க வந்தவர், ஒரு ஞாயிறு ஆலயத்துக்கு வந்தார். எங்களில் ஒருவர் அவரை வெள்ளிக்கிழமைக்குக் கூப்பிட்டார்.

அப்போது ஒரு விவாதம் எழுந்தது. ஆறு வாரத்தில் ஊருக்குப் போகிறவர்களைக் கூட்டத்தில் சேர்ப்பதா? பழகிய பிறகு போய்விடுவார்கள், நாளைக்கு இன்னொருவர் வருவார், நம் பிள்ளைகள் முன்னால் வாராவாரம் புற்றுநோயைப் பற்றியே பேச வேண்டுமா? கேட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் பயம் நியாயமானது. ஒரு பெரியவர்தான் சொன்னார்: "நாமளும் மூணு வருஷத்துல டிரான்ஸ்பர்ல போறவங்கதானேப்பா. ஆறு வாரத்துக்கும் மூணு வருஷத்துக்கும் என்ன பெரிய வித்தியாசம்?"

அதற்குப் பதில் சொல்ல யாராலும் முடியவில்லை. அவர் கணவரால் மாடி ஏற முடியாது என்பதால், மாதம் ஒரு வெள்ளி லாட்ஜின் கீழ் வராந்தாவிலேயே கூடினோம். பக்கத்து அறைகளிலிருந்து இன்னும் நான்கைந்து பேர் வந்து உட்கார்ந்தார்கள், அதில் இரண்டு பேர் கிறிஸ்தவர்கள் இல்லை. கஞ்சி கொண்டுபோவதை வீடுகளுக்குள் பங்கு போட்டுக்கொண்டோம். சிகிச்சை முடிந்து ஊருக்குப் போனார்கள். சில மாதம் கழித்து அந்த அண்ணாச்சி இறந்துவிட்டதாகப் போன் வந்தது. ஆறு பேர் வேன் பிடித்துப் போனோம். துக்க வீட்டில் அந்த அம்மா, தன் சொந்தக்காரர்களிடம் எங்களைக் காட்டி, "இவிய எல்லாம் திருவனந்தபுரத்துல உள்ள எங்க ஆளுக" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

சின்னக் கூட்டத்துக்கு ஒரு பெரிய ஆபத்தும் உண்டு. அது சீக்கிரமே மூடிக்கொள்ளும். "நீங்க எந்தப் பக்கம்?" என்று ஆரம்பித்து, "அப்பா பேரென்ன? சொந்தக்காரங்க யாரு?" என்று போகும் விசாரணை எங்கே போய் நிற்கும் என்று நமக்கெல்லாம் தெரியும். ஞானஸ்நானம் எடுத்து எத்தனை தலைமுறை ஆனாலும் சாதி நம் சபைகளை விட்டுப் போகவில்லை. வந்தவரிடம் இரண்டாவது கேள்வியாக இதைக் கேட்டுவிட்டால் பிறகு எத்தனை சுண்டல் கொடுத்தும் பயனில்லை. "என்ன உதவி வேணும்?" என்று கேட்டால் போதும். மொழியும் அப்படித்தான். எங்கள் பிள்ளைகள் தங்களுக்குள் மலையாளத்தில்தான் பேசுகிறார்கள், தமிழ் வேதாகமத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கிறார்கள். எந்த மொழியில் வருகிறதோ அதில் ஜெபியுங்கள் என்று விட்டுவிட்டோம். அதன்பின் பக்கத்து வீட்டுச் சேச்சியும் வந்து உட்காருகிறார்.

கூட்டம் பதினான்கு குடும்பம் ஆனபோது இரண்டாகப் பிரித்தோம், பட்டம் பக்கம் ஒன்று, கழக்கூட்டம் பக்கம் ஒன்று. சுலபமாக நடக்கவில்லை. "கஷ்டப்பட்டுச் சேர்ந்த ஐக்கியத்தை நீங்களே வெட்டுகிறீர்களே" என்று ஒரு தங்கச்சி அழுதுவிட்டாள். இரண்டு குடும்பங்கள் எந்தப் பக்கமும் வராமல் நின்றுவிட்டன. இன்றும் அவர்களைப் போய்ப் பார்க்கிறோம், இன்னும் வரவில்லை. ஆனால் பிரிக்காமல் இருந்திருந்தால் பதினைந்தாவது குடும்பத்துக்கு உட்கார இடம் இருந்திருக்காது. இந்த வலியும் சேர்ந்ததுதான் ஐக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆராதனை நேரத்தைக் கேட்கும்போதே, உங்கள் ஏரியாவில் வீட்டு ஜெபம் எந்த நாள் என்றும் கேளுங்கள். வீடு சின்னது, சோபா இல்லை என்று கூச்சப்படாதீர்கள், பாய் போதும். பழையவர்களுக்கும் ஒன்று. வரும் ஞாயிறு யார் வந்தார்கள் என்று பார்ப்பதோடு, மூன்று வாரத்துக்கு முன்னால் எழுந்து நின்று பெயர் சொன்ன குடும்பம் வந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆராதனை முடிந்ததும் ஒரு போன் போடுங்கள். "பிள்ளைக்குக் காய்ச்சல் தேவலையா?" என்று கேட்டுப் பேச்சை ஆரம்பித்துவிடலாம்.