ஒரே ஒரு வெடி

எங்கள் வீட்டில் ஒரு துப்பாக்கி உண்டு. இதைச் சொன்னால் விடுதி நண்பர்கள் விழிக்கிறார்கள். அது திரைப்படத்தில் வரும் துப்பாக்கி அன்று. ஜவ்வாது மலையடிவாரத்தில் உள்ள எங்கள் கடலைக் கொல்லையைக் காக்க, தாத்தா உரிமம் பெற்று வைத்திருக்கும் நாட்டுத் துப்பாக்கி. குழலின் வாய்வழியே கரிமருந்தைப் போட்டு, தேங்காய் நாரை அடைத்து, கம்பியால் கெட்டிக்க வேண்டும். தாத்தா ரவை போடுவதில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டுப்பன்றியை நாமாகச் சுடுவது குற்றம். வானத்தை நோக்கி ஒரு வெடி. அந்தச் சத்தந்தான் எங்கள் ஆயுதம்.

சென்ற ஐப்பசியில் ஒருநாள் இரவு, தூறலில் தாத்தாவோடு பரண்மேல் காவல் இருந்தேன். பன்றிக் கூட்டம் இறங்கியது. தாத்தா விசையை இழுத்தார். கேப்பு மட்டும் ‘டக்’ என்றது. மருந்து நமுத்துவிட்டிருந்தது. மறுபடி கெட்டிப்பதற்குள் பாதிக் கொல்லை உழுதது போலாகிவிட்டது. அந்தக் கடலையை விற்றுத்தான் என் விடுதிக் கட்டணத்தைக் கட்டுவதாக இருந்தது.

காலையில் சின்னத் தாத்தா வந்து பார்த்தார். “அண்ணா, இந்தக் குழாயை ஸ்டேஷன்ல ஒப்படைச்சிட்டு, தோட்டாத் துப்பாக்கிக்கு எழுதிப் போடு. மழையா இருந்தாலும் வெடிக்கும்” என்றார்.

“தோட்டா இருந்தா கை சும்மா இருக்காதுடா. இதுல ஒரு வெடிதான். மறுபடி கெட்டிக்கிறதுக்குள்ள கோவம் தணிஞ்சிடும்” என்றார் தாத்தா.

இந்தச் சொற்கள் என்னைவிட்டு அகலவில்லை. கல்லூரிக்குத் திரும்பியதும் இவ்வகைத் துப்பாக்கியைப் பற்றித் தேடிப் படித்தேன். எங்கள் கொல்லை மேட்டில் நடந்த அதே சண்டை, அமெரிக்க வேட்டைக்காரர்களிடையே பல ஆண்டுகளாக நடந்து வருவது கண்டு வியந்தேன்.

அங்கே மான் வேட்டைக்கு ஒவ்வொரு மாநிலமும் உரிமமும் பருவமும் வகுத்துள்ளது. வாய்வழியே கெட்டிக்கும் துப்பாக்கியோடு செல்வோர்க்குப் பல மாநிலங்கள் தனிப் பருவம் ஒதுக்கின. ஒருமுறை தவறினால் மான் தப்பிவிடும் என்ற சிரமத்தை விரும்பி ஏற்பவர்க்கு அளித்த சலுகை அது. பென்சில்வேனியா 1974-இல் தொடங்கிய பருவத்தில், சிக்கிமுக்கிக் கல்லால் தீப்பொறி எழுப்பும் துப்பாக்கிக்கே இடம். கிறிஸ்துமஸுக்குப் பின் வரும் அந்தப் பருவத்தில் இன்றும் அதே விதிதான்.

1985-இல் மிசௌரி மாநிலத்து டோனி நைட், எம்.கே.-85 என்னும் துப்பாக்கியைக் கொண்டுவந்தார். அதில் கேப்பு மருந்துக்கு நேர் பின்னால் அமைகிறது. நெருப்பு நேரே சென்று பற்றுகிறது. ஈரத்துக்கு அஞ்ச வேண்டுவது குறைவு. பின்னர் வில்லை வடிவ மருந்தும், நெகிழி உறை அணிந்த குண்டும், தொலைநோக்கியும் சேர்ந்தன. 100 கஜத்துக்குள் நெருங்க வேண்டியிருந்த வேட்டைக்காரர் 200 கஜத்திலிருந்தே சுடலானார்.

“சிரமத்துக்காகக் கொடுத்த பருவத்தில் சிரமமே இல்லாத துப்பாக்கிக்கு என்ன வேலை?” என்று கேட்கின்றனர் பழமையாளர். “குறி தப்பினால் மான் காயத்தோடு ஓடிச் சாகிறது, நல்ல கருவியே கருணை. கண் மங்கிய முதியவர் வேட்டையை விட்டுவிட வேண்டுமா?” என்கின்றனர் மற்றவர். இரண்டிலும் நியாயம் இருக்கிறதல்லவா? சட்டமும் தடுமாறத்தான் செய்கிறது. கொலராடோ அப்பருவத்தில் தொலைநோக்கியையும் வில்லை மருந்தையும் நெகிழி உறைக் குண்டையும் விலக்கியிருக்கிறது. யூட்டா, உருவைப் பெரிதாக்கிக் காட்டும் தொலைநோக்கியை 2016-இல் அனுமதித்து, 2024-இல் தடுத்துவிட்டது.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அவர்களுக்குச் சிரமம் விரும்பி ஏற்கும் விளையாட்டு. எங்களுக்கு அது சட்டம் அளந்து கொடுத்த பங்கு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், பயிர் காப்பதற்கென்று தனியே குறிப்பிடுவது வாய்வழித் துப்பாக்கியைத்தான். காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று 2025-இல் தமிழக அரசு அறிவித்தது. எங்கள் கொல்லையோ காட்டுக்குக் கூப்பிடு தூரம்!

அப்படியானால் நான் சின்னத் தாத்தாவின் பக்கம் அல்லவா சேர வேண்டும்? சேரத்தான் நினைத்தேன். ஆனால் ஓர் உண்மையை மறைக்க மனம் வரவில்லை. அன்றிரவு என் கையில் தோட்டாத் துப்பாக்கி இருந்திருந்தால், நான் வானத்தை நோக்கிச் சுட்டிருக்க மாட்டேன். தாய்ப்பன்றியின் பின்னால் வரிக் குட்டிகள் ஓடியதை விடிந்த பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். நான் வகுப்பில் கரிமருந்தின் வேதியியலைக் கற்றவன். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த தாத்தாவோ, அதைக் கையில் வைத்திருப்பவனின் மனத்தைக் கற்றிருக்கிறார்.

கருவி வளர்வதை யாராலும் நிறுத்த முடியாது. கருவியின் குறையையே கட்டுப்பாடாக நம்பும் சட்டம், கருவி வளர்ந்ததும் தளர்ந்துவிடுகிறது. எத்தனை, எப்போது, எதற்காக என்று வரையறுப்பதே நிலைக்கும் என்பது என் எண்ணம். அதற்கும் மேலான கட்டுப்பாடு விசைமேல் இருக்கும் விரலில் இருக்க வேண்டும்.

பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போனபோது, திண்ணையில் தாத்தா துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அருகே இறுக மூடும் புதிய டப்பா ஒன்று இருந்தது.

“எதுக்குத் தாத்தா இது?”

“மருந்து நமுக்காம இருக்க. உங்க சின்னத் தாத்தா சந்தையில வாங்கியாந்தான்” என்றார்.